அச்சிடும் அதிகாரம்

தில்லி லோதி சாலையில் உள்ள சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸ் என்னும் அரசாங்கக் கட்டடத் தொகுதியில், இந்த நாட்டின் கம்ப்யூட்டர் நிர்வாகத்தைப் பொறுத்த மட்டில் மிக முக்கியமான இரண்டு ஸ்தாபனங்கள் இருக்கின்றன. 1976-ஆம் ஆண்டில் தோன்றி, மத்திய அமைச்சகங்கள் முதல் மாவட்டக் கலெக்டர் அலுவலகங்கள் வரையில் கம்ப்யூட்டர் இணைப்பைக் கொண்டு சென்ற தேசிய தகவலியல் மையம் ஒன்று. தில்லி அரசாங்க ஊழியர்கள் அதை என்.ஐ.சி. என்றே அழைக்கிறார்கள். 2004-ஆம் ஆண்டு முதல் கம்ப்யூட்டர்களின் மீது நிகழும் தாக்குதல்களைக் கவனித்து, உரிய காலத்தில் எச்சரிக்கை விடுத்துவரும் செர்ட்-இன் என்னும் குழு மற்றொன்று. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் என்.ஐ.சி. தயாரித்து, அரசாங்க ஊழியர் அனைவருக்குமாக வெளிவந்த பாதுகாப்பு நெறிமுறைகளில் ஒரு விதி காணப்படுகிறது: அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணப் பயனர் கணக்கையே ஒவ்வொருவரும் பயன்படுத்த வேண்டும், நிர்வாகி உரிமை வேண்டுமென்றால் தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பான தலைமை அதிகாரியின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும்.

இவ்விதி காகிதத்திலிருந்து நடைமுறைக்கு இறங்கும்போது, அதன் முதல் விளைவு பெரும்பாலும் ஒரு பிரிண்டரின் முன்னிலையில்தான் வெளிப்படுகிறது. மத்திய அமைச்சகம் ஒன்றில் உள்ள ஒரு செக்‌ஷனுக்கு, ‘ஜெம்’ என்று வழங்கும் அரசாங்க மின் சந்தையின் வழியாகப் புதிய பிரிண்டர் ஒன்று வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியைப் பிரித்து, மின் இணைப்புக் கொடுத்து, கம்ப்யூட்டருடன் கேபிளைப் பொருத்தி, உடன் வந்த மென்பொருளை இயக்கியதும், நிர்வாகியின் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும் கட்டம் திரையில் தோன்றிவிடுகிறது. ‘அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது’ என்று குமாஸ்தா செக்‌ஷன் ஆபீசரிடம் சொல்ல, அவர் என்.ஐ.சி. பிரிவில் புகார் பதிவு செய்யச் சொல்ல, அந்தப் புகாருக்கு ஓர் ஆள் வந்து சேரும் வரையில் அச்சிட வேண்டிய குறிப்புகள் யாவும் பக்கத்து செக்‌ஷனின் பிரிண்டரை நாடிச் செல்கின்றன. அரசாங்கப் பணத்தில் வாங்கி, அரசாங்க வேலைக்காகவே மேஜை மீது வைக்கப்பட்ட யந்திரம், அந்த மேஜைக்குரியவரின் சொல்லைக் கேட்க மறுப்பது விசித்திரமாகவே தோன்றும். ஆனால் இந்த மறுப்பு யந்திரத்தின் கோளாறு அன்று. ஒருவருடைய அதிகாரத்தை இன்னொருவர் எந்த அளவுக்குக் கையாளலாம் என்ற, கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் ஐம்பது ஆண்டுகளாக ஆராயப்பட்டு வரும் ஒரு கேள்விக்கு அது அளிக்கும் விடை.

டிரைவர் என்ன செய்கிறது?

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். உயரம் 297 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற நுட்பத்தில் அதை அச்சிட வேண்டுமானால், அகலவாட்டில் 4,960 புள்ளிகளும் உயரவாட்டில் 7,016 புள்ளிகளுமாக, ஒரே பக்கத்துக்கு ஏறத்தாழ 3 கோடியே 48 லட்சம் புள்ளிகளில் எது கருமை, எது வெண்மை என்று யாராவது தீர்மானித்தாக வேண்டும். கறுப்பு வெள்ளையில் மட்டும் அச்சிடுவதானாலும், சுருக்காமல் வைத்தால் அது 43 லட்சம் பைட்டுக்கு மேற்பட்ட செய்தி. கடிதத்தை எழுதிய மென்பொருளோ எழுத்தையும் வரியையும் பத்தியையும் அறியுமே தவிர, டோனர் எந்த இடத்தில் படிய வேண்டும் என்பதை அறியாது. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று ஒன்றை மற்றொன்றாக மாற்றுகிற நிரலையே டிரைவர் என்கிறோம்.

இந்த மாற்றும் வேலையில் எவ்வளவு பங்கைப் பிரிண்டர் தானே ஏற்றுக்கொள்கிறது என்பது யந்திரத்துக்கு யந்திரம் வேறுபடும். 1984-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க வருணனை மொழியையும், அதே ஆண்டில் எச்.பி. நிறுவனத்தின் லேசர்ஜெட்டுடன் பரவிய பி.சி.எல். மொழியையும் அறிந்த பிரிண்டர்கள், ‘இந்த எழுத்தை இந்த இடத்தில் இந்த அளவில் இடுக’ என்ற கட்டளையைப் பெற்றுக்கொண்டு, புள்ளிகளைத் தாமே கணக்கிட்டுவிடும். ஆனால் விலையைக் குறைக்க வேண்டி, அந்தக் கணக்கிடும் திறனைப் பிரிண்டரிலிருந்து நீக்கிக் கம்ப்யூட்டரின் தலையிலேயே சுமத்திய மாதிரிகளும் உண்டு. நம் நாட்டு அலுவலகங்களில் நெடுங்காலமாகக் காணப்படும் எச்.பி. லேசர்ஜெட் 1020, கேனன் எல்.பி.பி. 2900 போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. 1020 மாதிரியோ, ஒவ்வொரு முறை மின்சாரம் பெறும்போதும் தன்னை இயக்கும் நிரலையே கம்ப்யூட்டரிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் விழித்தெழுகிறது. இத்தகைய பிரிண்டர்களுக்குப் பொதுவான டிரைவர் எதுவும் உதவாது. அந்த மாதிரிக்கென்றே எழுதப்பட்ட நிரல் வேண்டும். குறைந்த விலைக்கு வாங்கிய யந்திரம் நிர்வாகியை அதிகமாக நாடுவதன் காரணம் இதுதான்.

அந்த நிரல் கம்ப்யூட்டரில் எங்கே குடியேறுகிறது என்பது அடுத்து வரும் கேள்வி. 1996-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. 4.0-இல், வேகத்தை முன்னிட்டுப் பிரிண்டர் டிரைவர்களும் இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே இடம்பெற்றன. ஆகையால் டிரைவரில் நேர்ந்த ஒரு சிறு பிழையும் கம்ப்யூட்டர் முழுவதையும் வீழ்த்தவல்லதாக இருந்தது. விண்டோஸ் 2000 முதல் டிரைவர்கள் கருவுக்கு வெளியே இயங்கத் தொடங்கின. விஸ்டாவில் பழைய கரு டிரைவர்களுக்கு இடமே இல்லாமற் போயிற்று. எனினும் அபாயம் முற்றும் நீங்கிவிடவில்லை. அச்சு வேலைகளை வாங்கி, வரிசையில் வைத்து, ஒன்றன் பின் ஒன்றாகப் பிரிண்டருக்கு அனுப்புகிற ஸ்பூலர் என்னும் சேவை, ‘சிஸ்டம்’ என்ற பெயருடைய, அந்தக் கம்ப்யூட்டரில் ஏறக்குறைய வரம்பற்ற அதிகாரம் படைத்த கணக்கிலேயே இயங்குகிறது. டிரைவரின் கோப்புகள் இந்த ஸ்பூலருக்குள் ஏற்றப்படும்போது, அவற்றை எழுதியவர் யாராயினும், அவர் எழுதிய ஒவ்வொரு கட்டளையும் அந்த அதிகாரத்தோடு நிறைவேறக்கூடும். எனவே, ஒரு பிரிண்டருக்கு டிரைவர் போடுவதென்பது, நாற்காலி மேஜையைப் போல ஒரு தட்டுமுட்டுச் சாமானை அறைக்குள் கொண்டுவந்து வைப்பதாகாது. முன்பின் அறியாத ஒருவரின் நிரலுக்குக் கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் எழுதிக் கொடுப்பதாகும்.

அதிகாரத்தைப் பகிரும் சாஸ்திரம்

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில், கம்ப்யூட்டரிலுள்ள செய்திகளைக் காக்கும் அமைப்புகள் எந்தத் தத்துவங்களைப் பின்பற்ற வேண்டும் என்பதை வகுத்துரைத்தார்கள். அவற்றுள் ஒன்று குறைந்தபட்ச அதிகாரம் என்பது. ஒவ்வொரு நிரலும், ஒவ்வொரு பயனரும், மேற்கொண்ட காரியத்தை முடிப்பதற்கு இன்றியமையாத அதிகாரத்தை மாத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். அதற்கு மேல் ஓர் அணுவளவும் கூடாது என்பது அதன் சாரம். தவறு நேராதபடி தடுப்பதைக் காட்டிலும், நேர்ந்த தவறு எவ்வளவு தூரம் பரவலாம் என்பதற்கு எல்லை கட்டுவதே இத்தத்துவத்தின் நோக்கம்.

தில்லி நிர்வாகத்தில் பழகியவர்களுக்கு இது புதுமையான கருத்தாகத் தோன்றாது. மத்திய அரசாங்கத்தில் யார் எவ்வளவு பணத்தைச் செலவிட அனுமதி வழங்கலாம் என்பதை நிர்ணயிக்க, 1978-ஆம் ஆண்டில் நிதி அதிகாரப் பகிர்வு விதிகள் என்றே ஒரு விதித் தொகுப்பு வகுக்கப்பெற்றது. அலுவலகத் தலைவர் ஒரு வரம்புக்கு உட்பட்டுச் செலவுக்கு அனுமதி தரலாம். அதற்கு மேற்பட்டதைத் துறைத் தலைவருக்கு அனுப்ப வேண்டும். கருவூலத்தின் சாவியை எல்லோரிடமும் கொடுத்துவிட்டால் வேலை விரைவாக நடக்குமே என்று யாரும் வாதாடுவதில்லை. ஒவ்வொரு பென்சிலுக்கும் அமைச்சரின் கையொப்பம் வேண்டும் என்றும் யாரும் சொல்வதில்லை. அதிகாரம் முழுவதையும் கைமாற்றாமல், குறிப்பிட்ட ஒரு காரியத்துக்குரிய அதிகாரத்தை மட்டும், குறிப்பிட்ட நிபந்தனையுடன் கீழே இறக்கிக் கொடுப்பதுதான் நல்ல நிர்வாகத்தின் இலக்கணம். பிரிண்டர் விஷயத்திலும் தேடவேண்டியது இதையேதான்.

ஆனால் கம்ப்யூட்டரில் இதைச் செய்வதில் ஒரு சூட்சுமமான ஆபத்து மறைந்திருக்கிறது. அதை விளக்குவதற்கு, நார்ம் ஹார்டி என்பவர் 1988-இல் எழுதிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். டைம்ஷேர் என்னும் நிறுவனத்தில், பலரும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்திய ஒரு பொதுக் கம்ப்யூட்டரில், நிரல்களை மொழிபெயர்க்கும் கம்பைலர் ஒன்று இருந்தது. அது தன் உபயோகத்தைப் பற்றிய புள்ளிவிவரங்களைப் பதிந்து வைப்பதற்காக, சாதாரணப் பயனர் எவரும் தொட முடியாத ஓர் அடைவில் எழுதும் உரிமையைப் பெற்றிருந்தது. கட்டணக் கணக்குகள் அடங்கிய கோப்பும் அதே அடைவில்தான் இருந்தது. பயனர் ஒருவர், கம்பைலர் தரும் துணைச் செய்திகளை எழுதிவைக்க வேண்டிய கோப்பின் பெயராக, அந்தக் கட்டணக் கோப்பின் பெயரைக் கொடுத்துவிட்டார். கம்பைலருக்கு அங்கே எழுத உரிமை இருந்ததால் இயங்குதளம் தடுக்கவில்லை; கட்டணக் கணக்கு அழிந்து போயிற்று. கேட்டவருக்கு இல்லாத உரிமை, கேட்கப்பட்டவருக்கு இருந்தது. தான் செய்கிற காரியம் யாருடைய அதிகாரத்தைச் சார்ந்தது என்று பிரித்தறிய அந்த நிரலுக்கு வழியில்லை. இப்படிப்பட்ட நிரலுக்குக் குழம்பிய பிரதிநிதி என்று ஹார்டி பெயரிட்டார். ஸ்பூலரின் சரித்திரத்தைப் பார்த்தால், அது அந்தப் பெயருக்கு முற்றும் பொருத்தமான ஒரு பிரதிநிதி என்பது விளங்கும்.

ஸ்பூலரின் சரித்திரம்

2010-ஆம் ஆண்டில் உலகத்தின் கவனத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்னும் நாசகார நிரல், ஈரான் நாட்டின் யுரேனியச் செறிவூட்டு யந்திரங்களைக் குறிவைத்து எழுதப்பட்டது என்பதைப் பலரும் அறிவார்கள். அது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றொன்றுக்குப் பரவக் கையாண்ட வழிகளுள் ஒன்று பிரிண்டர் பகிர்வு என்பதை அறிந்தவர்கள் குறைவு. அச்சிடுவதற்காக அனுப்பப்பட்ட ‘ஆவணம்’ உண்மையில் ஒரு நிரல். அதைத் தாளில் அச்சிடாமல் கோப்பாக எழுதிவைக்குமாறு கேட்டுக்கொண்டபோது, கேட்டவர் உரிமையற்ற விருந்தினர் கணக்கினர் என்பதைக் கருதாமல், ஸ்பூலர் தன் சொந்த அதிகாரத்தைக் கொண்டு அதை விண்டோஸின் மைய அடைவிலேயே எழுதிவிட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் இந்த ஓட்டை அடைக்கப்பட்டது. ஈரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்தபடியாக அந்நிரல் அதிகமாகத் தொற்றியிருந்த நாடு இந்தியாவே என்பதையும் இங்கே சொல்லி வைக்க வேண்டும்.

பதினோரு ஆண்டுகளுக்குப் பின் அதே சேவை மறுபடியும் உலகத்தைக் கலக்கியது. 2021 ஜூன் 8-ஆம் தேதியன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஸ்பூலரின் ஒரு குறையைத் திருத்தி வெளியிட்டது. அக்குறையைத்தான் தாங்களும் கண்டறிந்ததாகக் கருதிய சீன நிறுவனம் ஒன்றின் ஆராய்ச்சியாளர்கள், அம்மாத இறுதியில் தங்கள் செய்முறை நிரலைப் பகிரங்கமாக வெளியிட்டுவிட்டார்கள். அது திருத்தப்படாத வேறொரு குறை என்று தெரிந்து திரும்பப் பெறுவதற்குள், பலர் அதைப் பிரதி எடுத்துக்கொண்டு விட்டார்கள். பிரின்ட் நைட்மேர் என்ற பெயரால் வழங்கும் குறை இதுதான். ஸ்பூலரில் டிரைவரைச் சேர்க்கும் வேலையைச் செய்கிற உட்பிரிவு ஒன்று உண்டு. வேண்டுகோள் விடுப்பவருக்கு அதற்குரிய உரிமை இருக்கிறதா என்று அது சோதிக்கத்தான் செய்தது. ஆனால் வேண்டுகோளுடன் அனுப்பப்படும் ஓர் அடையாளக் குறியை ஒரு குறிப்பிட்ட விதமாக அமைத்துவிட்டால், அந்தச் சோதனையே நடவாமல் போயிற்று. சோதிக்கப்பட வேண்டியவரே சோதனை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க இடமிருந்தது! அதனால் வலையில் எங்கோ இருக்கும் ஒரு சாதாரணப் பயனர், வேறொரு கம்ப்யூட்டரில், ஏன், அலுவலகத்தின் அனைத்துப் பாஸ்வேர்டுகளையும் நிர்வகிக்கும் டொமைன் சர்வரிலேயேகூட, டிரைவர் என்ற பெயரில் தம் நிரலைச் செலுத்தி, சிஸ்டம் அதிகாரத்தோடு இயக்க முடிந்தது.

ஜூலை 6-ஆம் தேதி, மாதாந்திர முறைக்குக் காத்திராமல், அவசரத் திருத்தங்கள் வெளிவரத் தொடங்கின. ஆனால் அலுவலக ஊழியர்களின் அனுபவத்தை மாற்றியமைத்தது ஆகஸ்ட் 10-ஆம் தேதி வந்த திருத்தமாகும். அதுகாறும், பகிரப்பட்ட பிரிண்டர் ஒன்றைச் சாதாரணப் பயனர் சுட்டியதும், அதற்குரிய டிரைவரைச் சர்வரே அனுப்பிவைக்க, அவருடைய கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டு வந்தது. ‘பாயின்ட் அண்ட் பிரின்ட்’ என்ற அந்த வசதி, நம்பிக்கையை ஆதாரமாகக் கொண்ட ஒரு பழைய சம்பிரதாயம். அந்த நாள் முதல், டிரைவரைப் புதிதாகச் சேர்ப்பதும் இருப்பதைப் புதுப்பிப்பதும் நிர்வாகிக்கே உரியவை என்பது இயல்பான நிலையாயிற்று. நேற்று வரையில் அச்சடித்துக் கொடுத்த பிரிண்டர் இன்று பாஸ்வேர்டு கேட்கிறதே என்று உலகமெங்கும் எழுந்த புகார்களின் மூலகாரணம் இதுவே.

மறுப்பைப் பகுத்தறிதல்

பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் எப்போதும் ஒரே உருவத்தில் தோன்றினாலும், அதன் பின்னே இருக்கும் காரணங்கள் பல. ஒரு பிரிண்டரை அமைப்பது என்று நாம் பொதுவாகக் குறிப்பிடும் காரியத்தில் உண்மையில் மூன்று தனித்தனிச் செயல்கள் அடங்கியிருக்கின்றன. டிரைவர் தொகுப்பைக் கம்ப்யூட்டரின் களஞ்சியத்தில் சேர்ப்பது முதலாவது. பிரிண்டரைச் சென்றடையும் வழியாகிய போர்ட்டை உண்டாக்குவது இரண்டாவது. அச்சு வரிசையை ஏற்படுத்துவது அல்லது சர்வரில் இருக்கும் வரிசையுடன் இணைவது மூன்றாவது. முதல் இரண்டும் நிர்வாகியின் உரிமைகள். சர்வரிலுள்ள வரிசையுடன் இணைவது மட்டும், அதற்குரிய டிரைவர் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்குமாயின், சாதாரணப் பயனரும் செய்யக்கூடியது. ஆகவே, புகாரை விசாரிப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இம்மூன்றில் எந்தப் படியில் தடை ஏற்பட்டது என்பதே.

கேபிளால் நேரே இணைக்கப்பட்ட பிரிண்டரானால், தடை பெரும்பாலும் முதற்படியில்தான் இருக்கும். களஞ்சியத்தில் அதற்குரிய டிரைவர் முன்னரே வைக்கப்பட்டிருந்தால், பிரிண்டரைச் செருகியதும் விண்டோஸ் தானே அடையாளம் கண்டு, எவரிடமும் பாஸ்வேர்டு கேளாமல் அமைத்துக்கொள்ளும். விஸ்டா முதல் இதுவே முறை. நெட்வொர்க் பிரிண்டருக்கு ஐ.பி. முகவரியைக் கொடுத்து நேரே இணைக்க முயன்றால் தடை இரண்டாம் படியில் வரும். டிரைவர் கம்ப்யூட்டரில் இருந்தும் இணைக்க முடியாமற் போவது இதனால்தான்.

சர்வரின் வழியாகப் பகிரப்படும் பிரிண்டர்களில் காரணம் இன்னும் மறைவானது. கம்ப்யூட்டரில் இருக்கும் டிரைவருக்கும் சர்வரில் இருக்கும் டிரைவருக்கும் பெயர் ஒன்றாகவே இருந்து, பதிப்பு மட்டும் வேறுபட்டால், இணைய முற்படும் ஒவ்வொரு முறையும் அது புதுப்பித்தலாகவே கருதப்பட்டு, நிர்வாகியின் அனுமதி கேட்கப்படும். அச்சு சர்வரில் மட்டும் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு மேஜைக் கம்ப்யூட்டர்களை மறந்துபோவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். இதைப் போன்றதே பழைய டிரைவர்களின் நிலையும். ஒரு தொகுப்பாகக் கட்டப்பட்டு முழுமைக்கும் கையொப்பமிடப்பட்ட டிரைவர்களையே சர்வரிடமிருந்து தடையின்றிப் பெறலாம் என்ற கட்டுப்பாடு 2016-ஆம் ஆண்டு ஜூலையிலேயே வந்துவிட்டது. அதற்கு முற்பட்ட உதிரிக் கோப்பு டிரைவர்கள் இன்றும் அங்கங்கே சர்வர்களில் தங்கியிருந்து தொல்லை தருகின்றன. ‘11பி’ என்று முடியும் பிழை எண் தோன்றினாலோ, அது டிரைவரைப் பற்றியதே அன்று. 2021 செப்டம்பரில் சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே நிகழும் உரையாடலை மறைமொழியில் நடத்த வேண்டும் என்ற விதி கட்டாயமான பின், இரு தரப்பில் ஒன்று திருத்தம் பெறாமல் பின்தங்கியிருப்பதன் அறிகுறி. இரண்டையும் புதுப்பிப்பதே அதற்குரிய பரிகாரம். விண்டோஸின் அமைப்பு விவரங்கள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பாதுகாப்பை நிறுத்திவைக்கும் குறுக்குவழி பரவலாகச் சொல்லப்பட்டாலும், அது அடைத்த ஓட்டையைத் திறப்பதாகும்.

நிர்வாகி நேரில் வந்து பாஸ்வேர்டைத் தட்டி, சோதனைத் தாளையும் அச்சிட்டுக் காட்டிவிட்டுச் சென்ற பிறகு, ஊழியர் தம் கணக்கில் நுழைந்து பார்த்தால் பிரிண்டரே காணப்படாத விந்தை ஒன்றும் உண்டு. கம்ப்யூட்டரில் நேரே அமைக்கப்பட்ட பிரிண்டர் அக்கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொது; ஆனால் சர்வரிலுள்ள பிரிண்டருடன் செய்துகொள்ளும் இணைப்பு, இணைத்தவருடைய கணக்குக்கே உரியது. நிர்வாகி தம் கணக்கில் இணைத்த பிரிண்டர் அவருக்கு மட்டுமே தெரியும். இணைப்பைக் கம்ப்யூட்டருக்கே உரியதாகச் செய்தாலோ, டிரைவரை மட்டும் நிர்வாகி சேர்த்துவிட்டு இணைப்பை ஊழியரைக் கொண்டே செய்வித்தாலோ இந்தக் குழப்பம் நேராது. அன்றியும், பிரிண்டரின் ஐ.பி. முகவரி மாறிப்போனதால் அச்சு வராமலிருப்பதையும் டிரைவர் கோளாறு என்று கருதி, டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட முனைந்து, நீக்குவதற்கும் போடுவதற்கும் உரிமையின்றி இடையில் நிற்பவர்கள் உண்டு. ஒரே செக்‌ஷனில் மற்றவர்களுக்கும் அச்சு வருகிறதா என்று கேட்டறிந்தாலே, குற்றம் கம்ப்யூட்டருடையதா அல்லது அதற்கு அப்பாற்பட்டதா என்பது ஓரளவு புலனாகிவிடும்.

மூன்று பரிகாரங்கள்

இத்தகைய தொல்லைகளுக்குச் சாதாரணமாகக் கையாளப்படும் பரிகாரங்களுள் மிக எளியதும் மிக விபரீதமானதும், ஊழியரை நிர்வாகிகளின் குழுவில் சேர்த்துவிடுவது. பிரிண்டர் ஒன்றுக்காகக் கொடுத்த உரிமை, அவர் திறக்கும் ஒவ்வொரு மின்னஞ்சல் இணைப்பையும், செருகும் ஒவ்வொரு பென்டிரைவையும் தொடர்ந்து செல்லும். நிர்வாகியின் பாஸ்வேர்டை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவைப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. யார் எதைச் செய்தார்கள் என்ற சுவடும் அப்போது அழிந்துவிடுகிறது.

எல்லையற்ற அதிகாரமும் எல்லையற்ற தொடர்பும் என்ன விளைவிக்கும் என்பதைத் தில்லி நகரம் கண்ணாரக் கண்டிருக்கிறது. 2022 நவம்பர் 23-ஆம் தேதியன்று அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கம்ப்யூட்டர்கள் பணயத் தாக்குதலுக்கு உள்ளாயின. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டு, ஏறத்தாழ 1.3 டெராபைட் அளவுள்ள செய்திகள் மறைமொழியாக்கப்பட்டன என்றும், உள் வலையைத் தக்கபடி பகுதிகளாகப் பிரிக்காததே காரணம் என்றும் அரசாங்கம் பாராளுமன்றத்தில் தெரிவித்தது. நோயாளிகளைப் பதிவு செய்வதும் சோதனை முடிவுகளைத் தருவதும் பல நாட்கள் கையெழுத்திலேயே நடந்தன. அந்தத் தாக்குதலுக்கும் பிரிண்டருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஓரிடத்தில் நேர்ந்த கேடு அங்கேயே நின்றுவிடாமல் எங்கும் பரவுவதற்கு இடம் தருவது எதுவோ, அதைத்தான் ‘பிரிண்டருக்காக மட்டும்’ என்று சொல்லிக் கொடுக்கப்படும் நிர்வாகி உரிமையும் தருகிறது.

இரண்டாவது பரிகாரம், 2021 ஆகஸ்டில் வந்த கட்டுப்பாட்டைக் குரூப் பாலிசி என்னும் கொள்கை அமைப்பின் மூலம் தளர்த்திவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட சர்வர்களிடமிருந்து மட்டும் டிரைவர் பெறலாம் என்று வரையறுப்பது. இது முன்னதைவிட நிதானமானது எனினும், வேறு எந்த ஏற்பாடும் அந்தக் கட்டுப்பாட்டுக்கு முழுமையாக ஈடாகாது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தெளிவாகக் கூறியிருக்கிறது.

மூன்றாவதே அதிகாரப் பகிர்வின் இலக்கணத்துக்குப் பொருந்துவது. அலுவலகத்தில் பயன்படும் பிரிண்டர் மாதிரிகளைக் கணக்கெடுத்து, அவற்றுக்குரிய டிரைவர்களைச் சோதித்து, கையொப்பத்தைச் சரிபார்த்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரின் களஞ்சியத்திலும் நிர்வாகி முன்கூட்டியே சேர்த்துவிடுகிறார். ‘பி.என்.பி. யூட்டில்’ என்ற கட்டளையைக் கொண்டோ, மத்திய நிர்வாக மென்பொருளைக் கொண்டோ, தம் இருக்கையை விட்டு எழாமலே இதைச் செய்யலாம். எந்த மாடியில் எந்தப் பிரிண்டர் என்பதைக் குரூப் பாலிசி வழியாகக் கம்ப்யூட்டர்களுக்கு அறிவித்துவிட்டால், இணைப்பும் தானாக அமைந்துவிடும். அச்சு சர்வரில் டிரைவரைப் புதுப்பிப்பதற்கு முன்னர் மேஜைக் கம்ப்யூட்டர்களில் புதுப்பிப்பதும், அச்சு வேலையே இல்லாத சர்வர்களில், முக்கியமாக டொமைன் சர்வரில், ஸ்பூலரை நிறுத்திவைப்பதும் இதன் மற்ற அங்கங்கள். இப்படிச் செய்தால் ஊழியரின் கையில் புதிய அதிகாரம் எதுவும் சேருவதில்லை. ஆயினும் அவர் வேலை தடைப்படுவதும் இல்லை. நிர்வாகியின் முடிவு ஊழியரின் தேவைக்கு முந்திவிடுகிறது என்பது மட்டுமே வேறுபாடு. ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஓர் ஆள் வந்து பாஸ்வேர்டு தட்டவேண்டியிருக்கும் அலுவலகம், எல்லோரையும் நிர்வாகியாக்கிய அலுவலகத்தைப் போலவே நிர்வாகக் குறையுள்ளதுதான்; ஏனெனில் காத்திருந்து சலித்தவர்களே பிற்பாடு பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

டிரைவரே வேண்டாத காலம்

பிரச்சினையின் வேரையே களையும் முயற்சி ஒன்றும் நடந்துவருகிறது. பிரிண்டருக்குப் பிரிண்டர் தனி நிரல் ஏன் வேண்டும், தன் தாள் அளவுகள் எவை, வண்ணம் உண்டா, இரு பக்கமும் அச்சிடுமா என்பதைப் பிரிண்டர் தானே பொதுமொழியில் சொல்லி, பொதுவான வடிவத்தில் பக்கங்களைப் பெற்றுக்கொள்ளலாகாதா என்ற கேள்வியிலிருந்து அது பிறந்தது. 1999-இல் முதல் வடிவம் பெற்ற ஐ.பி.பி. என்னும் இணைய அச்சு நெறிமுறை அதற்கு அடிப்படை. 2010-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பிரின்ட்டும், 2013-இல் தோன்றிய மோப்ரியா கூட்டமைப்பும் அவ்வழியே சென்றன. லினக்ஸ் உலகின் கப்ஸ் அச்சு அமைப்பும் அதே திசையில் செல்கிறது; சி-டாக் நிறுவனம் உருவாக்கிய நம் நாட்டு பாஸ் லினக்ஸ் போன்றவை அதையே சார்ந்திருப்பதால், அவற்றையும் உடன் இட்டுச் செல்கிறது. வெளியாரின் டிரைவர்களைத் தன் புதுப்பிப்புச் சேவை வழியாக வழங்குவதைப் படிப்படியாக நிறுத்திக்கொள்ளப் போவதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் பதிப்பில், மோப்ரியா சான்று பெற்ற பிரிண்டர்களை மட்டும் ஏற்று, வெளியார் டிரைவர்களை அறவே விலக்கும் ஒரு பாதுகாப்பு முறையையும் விருப்பத் தேர்வாக அளித்திருக்கிறது.

வெளியார் நிரல் உள்ளே வராவிட்டால், அதற்கு அனுமதி கேட்கும் தேவையும் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் நம்பிக்கையின் பாரம் இடம் மாறுகிறதே தவிர, அடியோடு இறங்கிவிடுவதில்லை. வலையில் உள்ள பிரிண்டர்களைத் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும் கப்ஸின் துணைநிரல் ஒன்று, பிரிண்டர் என்று தன்னை அறிவித்துக்கொள்ளும் எவரையும் நம்பிவிடுகிறது என்பது 2024 செப்டம்பரில் வெளிப்பட்டது. டிரைவரை நம்பிய காலம் போய், பிரிண்டரின் பேச்சை நம்பும் காலம் வந்திருக்கிறது. அந்தப் பேச்சையும் சோதித்தே ஏற்க வேண்டும் என்பதைத்தான் அது காட்டியது. பிரிண்டரின் உள் மென்பொருளைப் புதுப்பித்துவர வேண்டும், பிரிண்டருக்கு இணையத்தோடு தொடர்பு கொடுக்கலாகாது என்ற எச்சரிக்கைகள் இனி டிரைவரைப் பற்றிய எச்சரிக்கைகளைக் காட்டிலும் முக்கியமாகும்.

பொதுமொழி அறியாத பழைய பிரிண்டர்கள் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். நேரு பிளேஸ் கடைகளில் அவற்றுக்கு டோனர் நிரப்பித் தருபவர்கள் இருக்கும் வரையில் அவற்றைக் கழித்துவிடவும் யாருக்கும் மனம் வராது. ஆகவே முன்கூட்டியே களஞ்சியத்தில் டிரைவர் சேர்க்கும் பணி இப்போதைக்கு ஓயப்போவதில்லை. ஆனால் புதிதாக வாங்கும் ஒவ்வொரு பிரிண்டரிலும் அந்தப் பணியைக் குறைத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு இருக்கிறது. கொள்முதலுக்கான விவரக் குறிப்பில், நிமிஷத்துக்கு எத்தனை பக்கம், டோனர் எத்தனை தாளுக்கு வரும் என்று எழுதும் கை, ஐ.பி.பி. முறையில் தனி டிரைவரின்றி அச்சிட வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதுமானால், பிற்பாடு மேஜையோரத்தில் பாஸ்வேர்டுக்காகக் காத்திருக்கும் வேளைகள் பல மிச்சமாகும். சாதாரணப் பயனருக்கு எவ்வளவு அதிகாரம் வேண்டியிருக்கும் என்பது, பெரும்பாலும், அந்தப் பிரிண்டர் அலுவலகத்துக்கு வருவதற்கு முன்னரே, அதை வாங்கத் தீர்மானித்தவருடைய பேனாவினால் முடிவாகிவிடுகிறது.